வண்டி கட்டிய வகுப்பு

“ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிடு, கடலை மிட்டாய் தருகிறேன்” என்று ஆசை காட்டாத அம்மா நம் ஊரில் உண்டா? இந்த வித்தையை ஒரு யந்திரத்துக்கே கற்றுக் கொடுத்தார் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். சிட்னி பிரெஸ்ஸி என்பது அவர் பெயர். ஓஹையோ மாகாண சர்வகலாசாலையில் மனோதத்துவம் போதித்து வந்தார். 1920களில் அவர் ஒரு பெட்டி செய்தார். பெட்டியின் ஜன்னலில் ஒரு கேள்வி தெரியும். பக்கத்தில் நான்கு விசைகள். சரியான விடைக்குரிய விசையை அழுத்தினால் அடுத்த கேள்வி வரும். தப்பானதை அழுத்தினால் கேள்வி இருந்த இடத்திலேயே நிற்கும். அதோடு விட்டாரா? இத்தனை விடைகள் சரியானால் ஒரு மிட்டாய் வந்து விழும்படி ஓர் இணைப்பையும் பொருத்தினார்!

சுமார் முப்பது வருஷம் கழித்து, 1953-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்கின்னர் தம் மகள் படித்த பள்ளிக்குப் போனார். அப்பாமார்கள் வந்து வகுப்பைப் பார்க்க ஏற்பட்ட தினம் அது. நாலாம் வகுப்பில் கணக்குப் பாடம். சில குழந்தைகள் சட்டென்று கணக்கை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தன. சில, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தன. போட்டது சரியா தப்பா என்பதோ யாருக்கும் உடனே தெரியாது. டீச்சர் திருத்தி மறுநாள் கொடுத்தால்தான் உண்டு. மற்ற அப்பாமார்கள் மகளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து யந்திரம் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஸ்கின்னருடைய யந்திரத்தில் மிட்டாய் கிடையாது. விடை சரி என்று அந்த நிமிஷமே தெரிந்துகொள்ளும் சந்தோஷமே போதும் என்பது அவர் கட்சி.

நியாயமான கட்சிதான். ஆனாலும் இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கேள்வி கேட்பது யந்திரம்; பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. அதைத் திருப்பிப் போட்டால் என்ன? பிள்ளை ஒரு காரியத்தைத் தீர்மானிக்கட்டும். அதன் பலன் என்ன என்பதை யந்திரம் காட்டட்டும். பெரிய திட்டம் எதுவும் போடாமல், பணம் காசு இல்லாமல், இரண்டு வாரத்துக்குள் அப்படி ஒன்றைச் செய்து முடித்தார்கள் மூன்று வாலிபர்கள். மூவரும் வாத்தியார் வேலை பழகிக்கொண்டிருந்த மாணவர்கள்!

1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடக்கே மின்னஸோட்டா மாகாணம். அங்கே கார்ல்டன் கல்லூரியில் படித்துவந்த டான் ராவிட்ஷ் என்ற இருபத்தோரு வயது இளைஞர், மின்னியாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிக்கப் போனார். அவருக்குக் கொடுத்த பாடம், அமெரிக்கர்கள் மேற்குத் திசையில் குடியேறிய கதை.

அந்தக் கதையை நாமும் இரண்டு வரியில் தெரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். 1840களிலிருந்து சில பத்தாண்டுகள், லட்சக்கணக்கான ஜனங்கள் மிஸௌரி நதிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்குக் கடற்கரைப் பிரதேசங்களுக்குப் போனார்கள். ஆரிகன் போகும் பாதை மட்டும் இரண்டாயிரம் மைலுக்கு மேல். நம் கணக்கில், கன்னியாகுமரியில் புறப்பட்டு, டில்லியைத் தாண்டி, அமிர்தசரஸ் வரையில் போகும் தூரம்! வண்டியில் சாமான், மனிதர்கள் பெரும்பாலும் நடைதான். பனி விழுமுன் மலைகளைக் கடந்தாக வேண்டும். மரமே இல்லாத சமவெளியில் பெண்கள் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்ததை முன்றானையில் பொறுக்கி வந்து அடுப்பு மூட்டினார்கள். வறட்டி நமக்கு மட்டும் சொந்தமில்லை! வழியில் செத்தவர்களில் துப்பாக்கிக்கு இரையானவர்களைவிட வியாதிக்கு இரையானவர்களே அதிகம், அதிலும் காலரா.

இவ்வளவு நெருப்பும் கண்ணீரும் கலந்த கதையைப் புத்தகத்தில் அரைப் பக்கமாகச் சுருக்கிப் பிள்ளைகளைத் தூங்க வைக்க ராவிட்ஷுக்கு மனம் வரவில்லை. அறையின் தரையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, பாதையை வரைந்து, பகடையும் சீட்டுகளும் வைத்து விளையாட்டாக்க முயன்றார். பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நகர்ந்து, சீட்டை எடுத்தால் ‘வண்டிச் சக்கரம் முறிந்தது’ என்பது போல ஒன்று இருக்கும். நம்முடைய பரமபதத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரோடு அதே இடத்தில் குடியிருந்த இருவர் இதைப் பார்த்தார்கள். பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர். இருவரும் கணக்கு வாத்தியாராகப் பழகியவர்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதத் தெரிந்தவர்கள். இந்தப் பகடை வேலையைக் கம்ப்யூட்டர் செய்யுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. பாடம் தொடங்க இருந்ததோ சில நாட்களில். பள்ளியில் சாமான் அடைக்கும் இடுக்கு போன்ற ஓர் அறையில் உட்கார்ந்து இரவும் பகலுமாக எழுதினார்கள். டிசம்பர் மாதம் 3-ஆம் தேதி விளையாட்டு வகுப்புக்கு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் என்றதும் வெளிச்சத் திரையையும் வண்ணப் படங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது வகுப்பில் இருந்தது தந்தி ஆபீஸ் தட்டச்சு யந்திரம் போன்ற ஒன்று. கம்ப்யூட்டர் வேறு எங்கோ இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகத் தொடர்பு. யந்திரம் தடதடவென்று காகிதத்தில் ஒரு கேள்வியை அடிக்கும். பிள்ளைகள் பதிலைத் தட்டினால், அதன் விளைவை மறுபடி தடதடவென்று அடிக்கும். படம் இல்லை; பாட்டு இல்லை.

பிற்பாடு அச்சில் வெளிவந்த பிரதியைப் பார்த்தால் ஆட்டத்தின் போக்கு விளங்கும். வருஷம் 1847. ஐந்து பேர் கொண்ட குடும்பம். சேமிப்பு 900 டாலர். வண்டி வாங்கியது போக மிச்சம் 700. இந்த 700-க்குள் மாடு, சாப்பாடு, துப்பாக்கி ரவை, துணிமணி, மருந்து முதலான சில்லறைச் சாமான் எல்லாம் வாங்க வேண்டும். மாதச் சம்பளத்தைக் கவர் கவராகப் பிரித்து வைக்கும் எந்த இல்லத்தரசிக்கும் இந்த ஆட்டத்தில் பயிற்சியே வேண்டாம்! மலிவாக மாடு வாங்கினால் வண்டி மெதுவாகப் போகும். துணியில் மிச்சம் பிடித்தால் மலையில் குளிர் கொல்லும். சாப்பாட்டில் கையை இறுக்கினால் நோய் வரும். தாராளமாகச் சாப்பிட்டால் பாதி வழியில் மூட்டை காலி. வழியில் வேட்டையாடலாம், அதற்கு ‘பாங்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை எழுத்துப் பிசகாமல் வேகமாகத் தட்ட வேண்டும். தாமதித்தால் மான் ஓடிவிடும்.

குடும்பம் அழிந்து போனாலும் யந்திரம் மரியாதை தவறாது. பாதிரியாரைக் கூப்பிடட்டுமா, ஈமச் சடங்கு ஆடம்பரமாக வேண்டுமா, உறவினருக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால், செயின்ட் லூயிஸில் இருக்கும் உங்கள் அத்தை சேடி மிகவும் கவலைப்படுகிறாளே என்று ஒரு குத்து வேறு குத்தும்! எந்த ஊரானால் என்ன, விட்டுக் கொடுக்காத அத்தை ஒருத்தி இருக்கத்தானே செய்கிறாள்?

ஒரு வகுப்புக்கு ஒரே யந்திரம். இதைக் குறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுவே அனுகூலமாக முடிந்ததுதான் வேடிக்கை. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, தங்களுக்குள்ளேயே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வேகமாகத் தட்டத் தெரிந்தவர் யந்திரத்தின் முன்னால். வரைபடத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒருவர். பணக் கணக்குக்கு ஒருவர். கோட்டையில் இறங்கிச் சாமான் வாங்குவதா, வேட்டைக்குப் போவதா, நிற்காமல் போவதா என்பதை ஒருவரோடொருவர் வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும். என் அபிப்பிராயத்தில் அந்த வகுப்பில் நடந்த உண்மையான பாடம் இந்த வாதாட்டம்தான். ஆளுக்கு ஒரு பலகை கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பள்ளி திறக்குமுன்னும் விட்ட பிறகும் அந்தக் கதவுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சரித்திரம் படிப்பதற்கு வரிசை!

பயிற்சிக் காலம் முடிந்தது. ராவிட்ஷ் கட்டளைகள் முழுவதையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காகிதம் தொலைந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

1974-ல் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. மாகாணப் பள்ளிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வசதி செய்து தர மின்னஸோட்டாவில் ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டிருந்தது. அங்கே சேர்ந்தவர் பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, வரி வரியாக மறுபடி தட்டி உயிர் கொடுத்தார். இந்தத் தடவை இன்னொரு காரியமும் செய்தார். அந்தப் பாதையில் உண்மையாகவே போனவர்கள் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்தார். எந்த இடத்தில் மழை அதிகம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வண்டி பழுதாகும், வியாதி எப்போது வரும் என்றெல்லாம் பார்த்து, ஆட்டத்தில் ஆபத்துகள் வரும் விகிதத்தை அதற்கேற்ப மாற்றினார். வழியில் பூர்வகுடி மக்கள் பிரயாணிகளுக்கு உதவியிருப்பதையும் அந்தக் குறிப்புகள் காட்டின. உணவு கிடைக்கும் இடத்தை அவர்கள் காட்டிக் கொடுப்பது ஆட்டத்தில் ஒரு சம்பவமாகவே வருகிறது.

இங்கேதான் பரமபதத்துக்கும் இதற்கும் உறவு முறிகிறது. பரமபதத்தில் பாம்பு கடிப்பது தாயக்கட்டையின் இஷ்டம். ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆரிகன் பாதையிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் மருந்து வாங்கி வைத்த குடும்பம் பிழைக்கும். வாங்காத குடும்பம் தவிக்கும். ‘ஏன் செத்தோம்?’ என்று பிள்ளை கேட்டால், அதற்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. மறுபடி ஆடும்போது அவன் வேறு விதமாகச் செலவழிப்பான். அந்தப் பிள்ளை தன்னை அறியாமலே 1847-ஆம் வருஷத்தைப் படித்துவிட்டான்.

1975 முதல் மாகாணம் முழுவதும் பள்ளிகளில் வண்டிகள் ஓடின. 1978-ல் கட்டளைகள் அப்படியே ஒரு பத்திரிகையில் அச்சாயின. வேண்டியவர்கள் பார்த்துத் தட்டிக்கொள்ளலாம். 1985-ல் பிலிப் புஷார்ட் என்பவர் தலைமையில் வண்ணப் படங்களோடு புதிதாக எழுதிய பதிப்புதான் அமெரிக்கா முழுவதும் பரவியது. அதில் ஒரு நயமான ஏற்பாடு: நீங்கள் பாங்குக்காரராகப் புறப்பட்டால் கையில் 1,600 டாலர், தச்சராக இருந்தால் 800, விவசாயி என்றால் 400-தான். ஆனால் விவசாயி போய்ச் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் மூன்று மடங்கு! பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழ்மை என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது.

குடும்பத்தாருக்கு ஆடுகிறவரே பெயர் வைக்கலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. கேட்க வேண்டுமா? சண்டைக்கார அண்ணன் பெயரையும், அடித்த வாத்தியார் பெயரையும் வைத்து, அவர்களுக்குச் சீதபேதி கண்டு போய்ச் சேர்ந்ததாகத் திரையில் செய்தி வரும்போது கை தட்டிச் சிரித்தார்கள். இறந்தவருக்குக் கல்லறை வாசகம்கூட எழுதலாம். பின்னால் ஆடுகிற பிள்ளையின் வண்டி அந்தப் பக்கம் போனால் அதைப் படிக்கும்.

மூவருக்கும் இதனால் கிடைத்த பணம்? ஒன்றுமில்லை. 1995-ல் அந்தக் கூட்டமைப்பு மூவரையும் அழைத்து மேடையேற்றிக் கௌரவித்தது. 2016-ல் உலக வீடியோ விளையாட்டுக் கீர்த்தி மண்டபத்தில் ஆட்டம் இடம் பெற்றது.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஒன்று, வேட்டை. 1985 பதிப்பில் சுட்டுக்கொண்டே இருக்கலாம். ஆயிரம் ராத்தல் மாமிசம் விழும். ஆனால் வண்டிக்குத் தூக்கி வர முடிந்தது 100 ராத்தல்தான். இருந்தும் பல பிள்ளைகள் பிரயாணத்தை மறந்துவிட்டு வேட்டையே ஆடிக்கொண்டிருந்தார்கள். மிட்டாய் கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது!

இன்னொன்று கனமானது. 1990களின் நடுவில், பாதை போய் முடியும் ஆரிகன் மாகாணத்திலேயே, போர்ட்லண்ட் நகரத்து ஆசிரியர் பில் பிகலோ இந்த விளையாட்டின் அப்போதைய பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்டார். பிள்ளைகள் யாருடைய கண்ணால் இந்தப் பிரயாணத்தைப் பார்க்கிறார்கள்? வெள்ளைக்கார ஆண் குடியேறியின் கண்ணால். வண்டி போகும் நிலம் யாருடையது? அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களுக்கு இந்த வண்டி வரிசை என்னவாகத் தெரிந்திருக்கும்? கூடவே வந்த பெண்களின் நாள் எப்படிக் கழிந்தது? ஆட்டம் கேட்பதெல்லாம் மாடு, ரவை, மைல் கணக்கு. வறட்டி பொறுக்கியவளைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. பாடப் புத்தகத்தில் தப்பு இருந்தால் பிள்ளை அதைப் படிக்கத்தான் செய்யும். விளையாட்டில் இருந்தால் அதை வாழ்ந்தே பார்த்துவிடுகிறது. ஆகவே தப்பு ஆழமாக இறங்கும். 2021-ல் வந்த புதுப் பதிப்பைத் தயாரித்தவர்கள் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களைக் கலந்துகொண்டு, அந்த மக்களையும் கதாபாத்திரங்களாகச் சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் ஆயிற்று.

அந்த ஐம்பது வருஷமும் இந்தக் கேள்விகளைக் கேட்க வகுப்பில் ஒரே ஒருவர்தான் இருந்தார்: டீச்சர். ஆட்டம் முடிந்ததும் காகிதச் சுருளைக் கையில் எடுத்து, “சரி, நாம் போய்ச் சேர்ந்துவிட்டோம், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்கக்கூடிய டீச்சர் இல்லாவிட்டால், எந்த யந்திரமும் பாதி வழியோடு நின்றுவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், தொட்டால் படம் காட்டும் ஸ்மார்ட் போர்டை முதலில் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கூசாமல் ஒன்று கேளுங்கள்: “இதை டீச்சர் மட்டும் தொடுவாரா, பிள்ளைகளும் தொடுவார்களா?” டீச்சர் மட்டும் என்றால், அது விலை உயர்ந்த கரும்பலகை, அவ்வளவுதான். செல்போனில் வரும் கல்வி விளையாட்டுகளுக்கும் ஒரு பரீட்சை வைக்கலாம். நட்சத்திரம், கிரீடம், டமாரச் சத்தம் எல்லாவற்றையும் மனத்துக்குள் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது வெறும் ஏழாம் வாய்ப்பாடு என்றால், அது பிரெஸ்ஸியின் மிட்டாய்ப் பெட்டி. வாய்ப்பாடு மனப்பாடமாக மிட்டாய் உதவாமல் இல்லை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் கழித்த பிறகும் பிள்ளை யோசித்துத் தீர்மானிக்க ஏதாவது மிஞ்சுகிறதா? அப்படியானால் நல்லது, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

யந்திரமே இல்லாமலும் செய்யலாம். ராவிட்ஷ் தரையில் விரித்தது காகிதம்தானே? கோடை விடுமுறையில் ஒரு சார்ட் தாளும் இரண்டு தாயக்கட்டையும் போதும். பாதைக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்த பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்களே, அவர்களில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். சிலர் அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங் பக்கம். சிலர் தமு வழியாக மணிப்பூருக்கு. அங்கேயும் காலராதான் எமன். எத்தனையோ பேர் வந்து சேரவில்லை.

இவ்வளவு துயரத்தை விளையாட்டாக்கலாமா என்று சிலருக்கு மனம் கூசலாம். கூசுவது நல்லதுதான், சிரித்துக் கை தட்டும் ஆட்டமாக அது ஆகாமல் அந்தக் கூச்சமே காப்பாற்றும். உங்கள் வீட்டிலோ எதிர் வீட்டிலோ, அந்த நடையை நடந்த பாட்டியின் பேச்சைக் காதால் கேட்ட பெரியவர் யாராவது இருந்தால், முதலில் அவரிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். என்ன எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், எதை வழியில் போட்டுவிட்டு நடந்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், உதவி செய்த கிராமத்தார் யார் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். பாதையைப் பிறகு வரையலாம். தலைச்சுமையாக எடுத்துப் போகக்கூடிய எடை இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வையுங்கள். அரிசி எத்தனை படி, உப்பு எவ்வளவு, பாத்திரம் எது, பாட்டியின் நகைப் பெட்டியா குழந்தையின் கம்பளியா என்று அவர்களே உட்கார்ந்து சண்டை போடட்டும்.